மாறிப்போன பள்ளி எல்லை

அன்புள்ள பாக்யோவுக்குத் தைவானிலிருந்து சுலாஸ்திரியின் சலாம். உங்கள் இருமல் தேவலையா? நம் மகள் லாராஸுக்குத் தினமும் டெம்பே சோயாத் துண்டுகளைப் பொரித்துக் கொடுத்தே ஒப்பேற்றாதீர்கள். நான் சுகம்.

நம் தெருவை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்களே, அதற்காக நடந்த பெற்றோர் கூட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு முர்னி நன்றாகத்தான் பேசினாள். "எல்லைக்கோடு போட்ட சாரெல்லாம் ஒரு நாள் காலையில வந்து, லாரிக்கு நடுவுல அந்த ரோட்டைத் தாண்டிக் காட்டுங்க" என்றாள். அதிகாரி லாராஸைக் காட்டி, "நீங்க இந்தப் பொண்ணோட அம்மாவா?" என்று கேட்டார். முர்னி சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். இல்லை என்று இருவருமே சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் ஏழு முறை பார்த்தேன்.

மறுநாள் கல்வி அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன்.

"லாராஸோட அம்மா பேசுறேன். ஆட்சேபம் பதியணும்."

"அவங்கதான் நேத்தே வந்து பேசிட்டாங்களே?"

"அது பக்கத்து வீட்டுக்காரி. அம்மா நான்தான், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை அதிகாரிகள் நேரில் வந்து சாலையைப் பார்த்த பிறகுதான் முடிவாம்.

லாராஸின் காலணி அளவை எழுதுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். முர்னிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். வாசலில் நின்று சொன்னால் போதும், உள்ளே போக வேண்டாம்.

நான் கவனித்துக்கொள்ளும் அம்மாள் கூப்பிடுகிறார். திங்கட்கிழமை லாராஸை நீங்களே கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

உங்கள் மனைவி,
சுலாஸ்திரி