முட்டத்தில் கீழ்த்தள அறை

தாழக்குடி,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம்மாள் எழுதுவது. நானும் ஆதிராவும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே நலம்தானே என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை ஓடவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் அறையில் எப்போதும் ஆள் இருக்கிறது. நான் ஒன்று கேட்டால் நீங்கள் மழை பெய்கிறதா என்று திருப்பிக் கேட்பீர்கள். மேலத்தெரு சுதன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மழை பெய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடவு முடிந்த வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. ஆதிராவுக்குப் பரீட்சை நடக்கிறது. அடுக்களை ஓட்டில் ஒரு இடத்தில் ஒழுக்கு இருந்தது, ஆள் வைத்து மாற்றிவிட்டேன்.

ஆனி மாதம் நீங்கள் கூப்பிட்டு, "இந்தத் தடவ லீவுக்கு வரும்போ கல்யாண வீடு, சடங்கு வீடுன்னு அலையாண்டாம். கடல் பக்கத்துல ரூம் போட்டு நாம மூணு பேரும் கொஞ்ச நாளு சும்மா இருப்போம்" என்று சொன்னபோது நான் நம்பவில்லை. உங்கள் அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "பஸ்ஸு ஏறினா வந்துரும் கடலு. அதுக்குப் போயி ரூம் போட்டுத் தங்கணுமாக்கும்?" என்றார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியது திருச்செந்தூரில் மட்டும்தான், அதுவும் நேர்ச்சைக்கு. ஆதிரா உடனே எல்லாம் முடிவு செய்துவிட்டாள். ஒரு நாள் திற்பரப்பு அருவி, ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரத்தில் மார்கழித் தேர். மிச்ச நாளெல்லாம் முட்டத்துக் கடல். என் முட்டுவலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை என்று நீங்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள். புதுச் சேலை ஒன்று கூட எடுத்து வைத்தேன் அத்தான்.

போன சனிக்கிழமை, நீங்கள் சொன்னபடி அந்தச் சிகிச்சை விடுதியைப் பார்த்துவர முட்டம் போனேன். கூட்டுறவுச் சங்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெமிலாவுக்கு அங்கேதான் அம்மா வீடு. அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். தென்னந்தோப்புக்குள் ஓடு போட்ட அறைகள், நல்ல இடம். மாடியில் ஒரு அறை காட்டினார்கள். சன்னலைத் திறந்தால் கடல் முழுக்கத் தெரிகிறது. இதுவே போதும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

கீழே சிகிச்சை பார்க்கும் வைத்தியர் இருந்தார். பாறசாலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். மாடி அறை என்றதும், "அய்யோ, அது வேண்டாம். ஆளு தனியே நடப்பாரா, ரெண்டு பேரு பிடிக்கணுமா? படி எப்படி ஏறுவாரு?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிகிச்சை எனக்குத்தான் டாக்டர், முட்டுவலி என்றேன். அவர், "இல்லையே, சிவதாணுன்னு ஒருத்தர் தானே போன்ல பேசினாரு? கட்டடச் சாரத்துல இருந்து விழுந்து நடுமுதுகுல அடி, இடது காலு மரத்துப் போச்சுன்னு சொன்னாரே" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

சித்திரையில் ஒரு வாரம் சிக்னல் இல்லை என்றீர்களே, அதுதானா? அதற்குப் பிறகு வீடியோவில் எப்போதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள். வெயிலில் உழைத்த களைப்பு என்று நினைத்தேன். கேமராவுக்கு முன்னால் அசையாமல் இருக்க எவ்வளவு வலித்திருக்கும்?

வைத்தியர் உண்மையைச் சொன்னார். நரம்பில் அழுத்தம் இருந்தால் எண்ணெய் போட்டுத் தடவக் கூடாது, முதலில் எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அதற்குப் பிறகு வலி குறைய நான் செய்வதைச் செய்கிறேன், முழுசாகக் குணமாகும் என்று வாக்குத் தர மாட்டேன் என்றார். எண்ணெய் போட்டுக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் சரியாகி, மறுபடியும் சாரத்தில் ஏறலாம் என்றா நினைத்தீர்கள்?

வெளியே வந்து லைட்ஹவுஸ் பக்கம் பாறையில் உட்கார்ந்தோம். பெமிலா, "ஏட்டி, அழணும்னா அழு. இந்தக் காத்துல யாருக்கும் கேக்காது" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. விழுந்த அன்றைக்கு உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்? கக்கூசுக்குப் பிடித்துக்கொண்டு போனது யார்? அந்த மனிதர் யாரோ, அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அங்கே படுத்துக் கிடக்கும்போது நான் இங்கே அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பூ வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இதை எப்படி நான் பொறுப்பேன்?

ஆதிராவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு முட்டு ரொம்ப மோசம், அருவியில் படி வழுக்கும், அரண்மனையில் மரப்படி குறுகல், இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்மேல் கோபம். "எப்பவும் ஒனக்கு ஒரு வலி. அப்பா வாறது எப்பவாவது ஒருக்கத்தான் மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் பொய்யை என் முட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் இதைச் சுமக்க மாட்டேன் அத்தான். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். சின்னப் பிள்ளை இல்லை அவள். சொன்னால் தாங்குவாள். சொல்லாமல் விட்டதைத்தான் தாங்க மாட்டாள்.

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மாடி வேண்டாம் என்று சொல்லி, கீழ்த்தளத்தில் ஒரு அறை கேட்டிருக்கிறேன். வாசலில் படி இல்லை. கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு முன்னால் நாகர்கோவிலில் எலும்பு டாக்டரைப் பார்க்கிறோம். தேர் அன்றைக்குக் கூட்டத்தில் போக வேண்டாம். இன்னொரு நாள் காலையில் ஆள் குறைந்த பிறகு சுசீந்திரம் போய் தாணுமாலயனைக் கும்பிட்டு வருவோம். மற்றதெல்லாம் நீங்கள் வந்த பிறகு. திரும்பிப் போவதைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம். சங்கத்தில் எனக்கு வேலை இருக்கிறது, வயலும் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறுக்காதீர்கள். விமானத்தில் ஏறும்போது வீல்சேர் வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு வெளியே நான்தான் நிற்பேன். என்னைக் கண்டதும் எழுந்து நடந்துகாட்ட வேண்டாம். அப்படியே உட்கார்ந்திருங்கள். நான் வந்து தள்ளிக்கொள்கிறேன்.

தாணுமாலயன் துணை.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
உலகம்மாள்