பூமணி கேட்ட கடிதங்கள்

14 பெப்ரவரி 2023
எங்கள் குரோருட் பகுதி முழுக்க வழுக்கும் பனி. வேலையால் வந்து காலணியைக் கழற்றுமுன் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. நீர்கொழும்பிலிருந்து பூமணி என்ற பெண். என் கணவர் குகதாசன் இங்கே படகுகளுக்குப் பூச்சு அடித்த அதே கம்பனியின் பட்டறையில்தான் அவளுடைய கணவருக்கும் வேலை. அதே இருமல், அதே மூச்சிழுப்பு. அங்கே வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

“அக்கா, அந்தப் பூச்சு நுரையீரலைக் கெடுக்கும் எண்டு கம்பனிக்கு முதலே தெரியுமாம். அதைக் காட்டுற கம்பனிக் கடிதங்கள் உங்களிட்டை இருக்காம். தருவியளோ?”

இருக்கின்றன. நாங்கள் இங்கே போட்ட வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கம்பனி அவற்றைத் தந்தது.

20 பெப்ரவரி
வழக்கறிஞர் எமிலியிடம் கேட்டேன். கடிதங்கள் எங்கள் வழக்குக்கு மட்டும்தானாம். வெளிநாட்டு வழக்குக்குக் கொடுக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இப்போதே கேட்கலாம், ஆனால் கம்பனி எதிர்க்கும். எங்கள் விசாரணை பின்தள்ளிப் போகலாம் என்றார்.

குகதாசன் அருகில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

21 பெப்ரவரி
பூமணியை அழைத்தேன். “எங்கடை வழக்கு முடியட்டும் தங்கச்சி. பிறகு கட்டாயம் கேக்கிறன்.”

“ஓம் அக்கா” என்றாள். அவள் கோபித்திருக்கலாம், கோபிக்கவில்லை.

9 ஜூன்
வென்றோம். தெரிந்தே மறைத்தார்கள் என்று தீர்ப்பு. இவர் நீதிமன்ற வாசலிலேயே அழுதுவிட்டார்.

மகள் ஆரபி வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: “அம்மா, இனி அந்த அக்காவுக்காகக் கேக்கலாம்தானே?”

கம்பனி மேல்முறையீடு செய்தால்? அதற்கு ஒரு மாதம் தவணை இருக்கிறது. அது கழியட்டும் என்றேன்.

30 ஆகஸ்ட்
மேல்முறையீடு இல்லை. அது ஜூலையிலேயே தெரியும். பிறகு கோடை விடுமுறை, பிறகு வேலை, பிறகு — என்ன பிறகு? இன்றுதான் எமிலி மனு அனுப்பினார். பூமணி திரும்ப ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதையே சாட்டாக வைத்துக்கொண்டேனா?

18 ஒக்டோபர்
அனுமதி மனு மீது விசாரணை. வியாபார இரகசியம் என்றது கம்பனி. நீதிபதி என் பக்கம் திரும்பினார். அங்கேயும் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன்.

2 நவம்பர்
அனுமதி கிடைத்துவிட்டது. உடனே அழைத்தேன்.

“அக்கா… அவர் போய் இண்டைக்குப் பதினேழு நாள்.”

பதினேழு. அப்படியென்றால் நான் நீதிபதியிடம் பேசிய அன்றே அவர் உயிரோடு இல்லை.

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்களும் சுகமில்லாத மனுசனோடை கஷ்டப்படுறியள். என்னண்டு சொல்லுறது?”

3 நவம்பர்
கடிதங்கள் பூமணிக்குப் போய்விட்டன. ஜூனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம்தானே. எனக்கென்ன வந்தது!

12 மார்ச் 2024
பூமணி அழைத்தாள். அங்கத்தைய நீதிமன்றம் கடிதங்களை ஏற்றுக்கொண்டதாம். பட்டறையில் அந்தப் பூச்சை நிறுத்தச் சொல்லி உத்தரவு.

“இன்னும் பதினொரு பேர் அங்கை வேலை செய்யினம், அக்கா. அவை தப்பினது உங்களாலைதான்.”

நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்:

“அண்ணை எப்பிடி இருக்கிறார்?”

கூடத்தில் இவர் ஆரபியோடு ஏதோ பார்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கதவைச் சாத்தினேன்.

“இருக்கிறார்” என்றேன்.