தேர் இழுக்க ஆளில்லாத திருவிழா

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
ஓகஸ்ட் 18, 2025

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

அம்மாவின் முழங்கால் நோவையும் என் வாய்க்கொழுப்பையும் தவிர இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. பிஜியில் நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். கடல் ஏறி வரும் கிராமங்களை மேட்டுக்கு மாற்றுகிற வேலையில் வெயில் பாராமல் அலைகிறாயாம், அம்மா சொன்னா. நேரத்துக்குச் சாப்பிடு. ஆறு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாதவன் புத்தி சொல்ல வந்துவிட்டேன் என்று நினைக்காதே.

உன் சித்தப்பா தியாகலிங்கம் போன கிழமை எங்கள் ஊர்த் தீவை விட்டு எழும்பிவிட்டார். சித்தியோடு கிளிநொச்சியில் வாடகை வீடு. ஷெல்லடிக்கும் அசையாத மனிதர். மாரி மழைக் காலத்தில் கடல் உள்ளே வந்து போனதிலிருந்து கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்து, கடைசியில் அவருடையதும் உவர்த்துவிட்டது. திருவிழாவைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டாராம். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் இங்கிருந்து செய்வித்துக் கொடுத்த அந்தப் பெரிய தேரின் வடத்தைப் பிடிக்க ஐயரோடு சேர்த்துப் பதினாலு பேராம், தேர் அசையவே இல்லையாம். பிறகு உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுத்தார்களாம். அண்ணை, அம்மன் இந்த முறை டீசல் மணத்தோடதான் வீதி சுத்தினவ என்று போனில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குப் பழைய வீட்டு நினைவாகவே இருக்கிறது. நான் டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய காலம், மூன்றாம் மாடி, ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. ஊர்ச் சங்கம் அந்தக் குசினி மேசையில்தானே தொடங்கியது. ஒன்பது பேர், ஒரு கேத்தல் தேத்தண்ணீர், ஜாக்கெட்டைக் கழற்றாமலே கூட்டம். சங்கத்தைப் பதியப் போனபோது எங்களில் ஒருவருக்கும் பிரெஞ்சு வராது. பத்து வயது நீ ஸ்கூல் பையோடு வந்து, போன்ஜூர் சொல்லி, நீ அதுவரை காணாத தீவை அந்தப் பதிவுக் கந்தோர் மனுசிக்குத் தாளில் கீறிக் காட்டினாய். மாங்காய் மாதிரி இருக்கிறதென்று மெட்ரோவில் வரும் வழி முழுக்கப் பகிடி பண்ணினோம்.

அந்த உன்னைத்தான் நிறைந்த சங்கக் கூட்டத்தில் வாயை அடைத்து இருத்தினேன். ஆறு வருடத்துக்கு முன் நீ தீவைப் பார்த்துவிட்டு வந்து, தேரை விடுங்கோ, மழைத்தண்ணித் தொட்டி கட்டுங்கோ, கிணறு உவர்த்தால் சனம் எழும்பிடும் என்று சொன்னாய். பக்கத்து ஊர்ச் சங்கம் எங்களுக்கு முந்தித் தேர் விட்ட ரோசம் எனக்கு. கனடாவில வளர்ந்த பிள்ளைக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும், பேசாமல் இரு என்று தலைவர் கதிரையில் இருந்து சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீ எழுந்து போய்விட்டாய்.

தொட்டி கட்டியிருந்தாலும் கடல் நின்றிருக்காது. ஆனால் சித்தப்பாவுக்கு இன்னும் சில வருடம் குடிக்கத் தண்ணீர் இருந்திருக்கும். நீ சொன்னதுதான் சரி, மகள். பிழை என்னுடையது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிறா அம்மா, சொல்லட்டும்.

அத்தனை பேர் முன்னால் உன்னை இருத்திவிட்டுக் கடித உறைக்குள் மன்னிப்புக் கேட்பது நியாயமில்லை. இதில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். செப்டெம்பர் கடைசி ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று முதல் வரியிலிருந்து நானே வாசிப்பேன்.

அம்மன் உன்னையும் நீ இடம் மாற்றுகிற அந்தச் சனங்களையும் காக்கட்டும். மறந்துவிடாதே, கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு, உனக்கு அது திங்கள் காலை எட்டு. அம்மா போனில் உன்னைப் பிடித்து மேசையில் வைப்பா. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்டாலே போதும்.

உன் அப்பா,
இ. நல்லைநாதன்