நாற்காலியில் குவிந்த துணி

இணையத்தில் எவர் எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்கும் கட்டுரைகளை எழுதிய மகாராணி, என் அக்கா மகள் வாயாடிக்கு, சலவைக்கடைச் சக்கரவர்த்தியான உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. இங்கே யாரும் நலமில்லை. நீயும் நலமில்லை என்று தெரியும். ஆகவே நலம் விசாரிக்கும் வேலை மிச்சம்.

உன் கம்பெனி எழுத்துப் பிரிவையே மூடிவிட்டதை உன்கூட வேலை பார்த்த பெண் சொல்லித்தான் அறிந்தோம். அன்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. அக்கா வடிக்கும் கண்ணீரில் என் கடையின் மூன்று மெஷினும் ஓடும்.

உனக்காக நான் தொடுத்த போரைக் கேள். உன் கட்டுரையைத் தேடித் திறந்து காட்டாதவருக்குத் துணி கிடையாது என்று கடையில் சட்டம் போட்டேன். ஒரு வக்கீல் பனியனோடு அரை மணி நேரம் நின்றார். “எதுக்குங்க கட்டுரைக்குள்ள போகணும்? கேட்டா தேடுபெட்டியே மேல பதில் சொல்லிடுதே. யார் எழுதினதுன்னு எவன் பார்க்கிறான்?” என்றார். அவர் சட்டைக்கு மட்டும் கஞ்சியை இரட்டிப்பாக்கினேன். இனி அவர் குனிய வேண்டுமென்றால் சட்டையிடம் மனுப் போட வேண்டும். ஆனால் அவர் சொன்னது உண்மை. முற்றுகையிடப் போனவனுக்குக் கோட்டையையே காணோம்.

நேற்று மத்தியானம், வேறு வழி தெரியாமல், அந்தத் தேடுபெட்டியிடமே கேட்டேன்: வேலை போன பிள்ளையிடம் என்ன பேசுவது? கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. ‘அறிவுரை வேண்டாம். நேரில் போங்கள். அவர் அறை நாற்காலியில் துணி குவிந்திருந்தால், மடித்து வைத்துவிட்டு உட்காருங்கள். பேச்சு தானாக வரும்.’

யார் எழுதியது என்று போடவில்லை. எனக்கு எதற்கு? சின்ன வயதிலிருந்து நாற்காலியில் துணியை மலையாகக் குவித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து எழுதுகிறவள் ஈரேழு உலகத்திலும் ஒருத்திதான். திரையைக் கீழே, கீழே, பாதாளம் வரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே அதே வரிகளோடு கிடந்தது உன் கட்டுரை. அதைத் திறந்து முழுதும் படித்தேன். மெஷின் நின்றதுகூடத் தெரியவில்லை.

கடையைப் பூட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தின் பின்னாலேயே பஸ் ஏறுகிறேன். உனக்கென்று ஒரு மூட்டை அறிவுரை கட்டியிருந்தேன். அதைக் கடையிலேயே போட்டுவிட்டேன். உன் துணி மேகத்தை முட்டினாலும் மடித்துவிடுவேன், அது என் தொழில். நீ பேசக்கூட வேண்டாம். உள்தாழ்ப்பாளை மட்டும் போட்டுக்கொள்ளாதே, தாயே.

நன்றாக இரு என்று இப்போது வாழ்த்தவில்லை. இரு. அது போதும்.

உன் வாசல்படிக்கு வந்துகொண்டிருக்கும்,
மாமா