ஹைட்ரஜன் பெட்டியும் நீ சொன்ன பொய்யும்

தம்பி,

இன்று காலை பள்ளி ஆய்வகத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காகக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் கலக்கினேன். கையுறையில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது. விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது, சோப்பு தேய்த்ததுபோல. அது தோல் கரைகிற வழுக்கல் என்று எத்தனையோ வருடமாகப் பாடம் சொல்கிறேன். பிள்ளைகள் வந்து வரிசையில் நின்ற பிறகும் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நேற்றுத்தான் திதி கொடுத்தார்கள்.

அப்பா என்னைக் காலேஜுக்கு அனுப்பி, உன்னைப் பத்தாவதோடு நிறுத்தி லாரியில் கிளீனராக ஏற்றிவிட்ட நாளிலிருந்து நமக்குள் பேச்சு குறைந்துபோயிற்று. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். நீ சொந்தமாக லாரி வாங்கியதைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட நீ ஒரு நாள் சங்ககிரியிலிருந்து நாமக்கல் வந்து, என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய்.

“தண்ணியக் கரண்டுல பிரிச்சு, அந்தக் கேஸை இஞ்சினுக்குள்ள உட்டா டீசல் பாதியாக் கொறையுமாமுங்க்கா. நெசமாங்களா?”

எனக்குப் பதில் தெரியும். தண்ணீரைப் பிரிக்கிற கரண்டும் அதே இஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். அதற்கும் டீசல்தான் எரிய வேண்டும். போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். சொல்லியிருந்தால் நீ எழுந்து போயிருப்பாய். அதற்குப் பயந்தேன். “கேஸ் வரும்” என்றேன். அதில் பொய் இல்லை. டீசல் குறையும் என்று நீ எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன்பிறகு இரண்டு மாதம் வாராவாரம் உன் வீட்டுக்கு வந்தேன். எவர்சில்வர் தகடுகளை வெட்டி, நடுவில் ரப்பர் வாஷர் வைத்து, இரண்டு அக்ரிலிக் அட்டைகளுக்கிடையே அடுக்கி, போல்ட் போட்டு முறுக்கினாய். தண்ணீரில் கரண்ட் பாய வேண்டிய பொட்டாஷை நான் பள்ளியிலிருந்து யாருக்கும் தெரியாமல் டிபன் பையில் எடுத்து வந்தேன். முதல்முறை பாட்டரி ஒயரை மாட்டியபோது குழாயில் நுரை ஏறியது. “பொங்குதுங்க்கா, பொங்குது!” என்று கத்தினாய். பக்கத்து லாரிப் பட்டறையில் எல்லோரிடமும், “எங்கக்கா கெமிஸ்ட்ரி டீச்சருங்க, அவங்களே சொல்லிப்போட்டாங்க” என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் இன்றுவரை செரிக்கவில்லை.

அந்தக் கேஸைத் தண்ணீர் பாட்டில் வழியாக விட வேண்டும். அப்போதுதான் குழாய் முனையில் பற்றுகிற நெருப்பு திரும்பிப் பெட்டிக்குள் போகாது. இரண்டு மாத முடிவில் ஒரு நாள் பாட்டிலில் தண்ணீர் இறங்கியிருந்தது. பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ பட்டறை ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, குழாயின் முனையில் லைட்டரைப் பிடித்தாய். ‘டப்’பென்று சத்தம் வரும் என்று உனக்குச் சொன்னதும் நான்தான். பெட்டியே வெடித்தது. பொட்டாஷ் உன் முகமெல்லாம். நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். இடது கண் தப்பியது. வலது கண் போய்விட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபமாகக் கேட்டார்: “யாருங்க இதையெல்லாம் சொல்லிக்குடுத்தது?”

நான் வாயைத் திறந்தேன். கட்டுப்போட்ட முகத்தோடு நீ முந்திக்கொண்டாய். “அக்கா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தானுங்க கேக்கல.”

பொட்டாஷ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

ஒற்றைக் கண்ணுக்கு ஹெவி லைசென்ஸ் கிடையாது. லாரி கைமாறியது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில், உள்ளே வருகிற லாரிகளின் நம்பரை எழுதி கேட்டைத் திறந்துவிடுகிற வேலைக்குக் குடும்பத்தோடு போனாய். ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தபோது ஒரு டிரைவர், “கண்ணு தெரியலையாய்யா?” என்று ஹாரனை அடித்தான். நீ சிரித்துக்கொண்டே கேட்டைத் தள்ளினாய்.

“ஏன்டா அன்னைக்கு அப்படிச் சொன்னே?” என்று கேட்டேன்.

“உங்க வேலையாச்சும் இருக்கட்டும்ங்க்கா.”

உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! யார் கேட்டார்கள் உன்னை? திருப்பித் தர முடியாத ஒன்றை என் கையில் திணித்துவிட்டு நீ பாட்டுக்கு லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தாய். மூன்று வருடம். பிறகு ஒரு மத்தியானம், அந்தக் கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டாய்.

நேற்று திதிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் உன் மனைவி, “அண்ணி அப்பவே தடுத்தாங்க, அவியதான் கேக்கல” என்றாள். எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். தாங்க முடியாமல் அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன். “அம்மிணி, நான் தடுக்கல. பொட்டாஷைக் கொண்டாந்து குடுத்ததே நான்தான்” என்றேன்.

“தெரியுங்க அண்ணி,” என்றாள் திரும்பாமலே. “ஆசுபத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்தன்னிக்கே அவிய சொல்லிப்போட்டாங்க.”

“அப்பறம் எதுக்கு எல்லார்கிட்டயும் அப்பிடிச் சொல்றே?”

“அவிய சொன்ன சொல்லுங்க அது. நான் மாத்த மாட்டேன். ஆனா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு அவிய இருக்கறவரைக்கும் பாத்தேன்.” அடுப்பை அணைத்தாள். “இப்பச் சொல்லி என்னத்துக்குங்க ஆகும்?”

பிறகு இலை போட்டு எனக்கும் பரிமாறினாள். சாப்பிட்டேன்.

நாமக்கல்லில் பஸ் ஏறினால் எருமப்பட்டிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. உங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாத மூன்று வருடம்தான் தம்பி, இப்போது என்னிடம் மிச்சம் இருக்கிறது.