பூட்டிய கேட்டுக்கு வரிச்சலுகை

9 ஜூன் 2025
என் தோப்பில் டுரியான் விழத் தொடங்கிவிட்டது. நடக்க வருபவர்கள் பழத்தையும் பொறுக்கிப் போகிறார்கள். கேட்டைப் பூட்டினேன். ‘பொதுமக்கள் தினமும் நடக்கலாம்’ என்ற பலகைமேல் சாக்கைத் தொங்கவிட்டேன். அந்தப் பலகைக்காகத்தான் நகராண்மைக் கழகம் என் நிலவரியைப் பாதியாக்கியிருக்கிறது. சீசன் முடியும்வரைதானே.

2 செப்டம்பர்
பழம் ஓய்ந்து பல நாளாயிற்று. பூட்டு அப்படியே இருக்கிறது. தோப்புக் குளக்கரையில் தனியாக உட்காருவது பிடித்துப்போய்விட்டது — உண்மை அதுதான்.

18 செப்டம்பர்
சலுகையைப் புதுப்பிக்க நாளை அதிகாரி வருகிறார். பின்வீட்டுக் காளியம்மாவிடம் போனேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்; தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறது கிளினிக்கில்.
“நாளைக்குக் கேட் திறந்திருக்கும். நாலு பேரோட வாங்கம்மா.”
“நாளன்னைக்கு சார்?”
செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

19 செப்டம்பர்
தினமும் திறந்திருக்கும் என்று அதிகாரியிடம் மலாயில் அடித்துச் சொன்னார் காளியம்மா. அதிகாரி போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எங்க பையன் ஹரிதாசுக்கு நீங்க காசு வாங்காம பாடம் சொல்லிக் குடுத்தீங்க. உங்களுக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதாலா?”

ஆய்வாளர் வரும் நாளுக்கு முன்பே பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்த ஓர் இளம் ஆசிரியரை, தலைமையாசிரியராக இருந்தபோது எல்லார் முன்னும் கண்டித்தவன் நான். இன்று நான் செய்தது என்ன?

மாலையில் மறுபடி பூட்டினேன்.

4 அக்டோபர்
காளியம்மா ரெம்பியா சாலையோரம் நடந்திருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு ஒதுங்கியபோது கால்வாயில் விழுந்துவிட்டார். பாதத்தில் ஆழமான வெட்டு. இனிப்புநீர்க் கால் — ஆறுமா?

மனைவி சந்திராதேவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “நாங்கள் கேட்டைத் திறந்து விட்டிருந்தால் அந்த மனுசி ரோட்டிலயோ நடந்திருக்கும்?”
எழுந்து கை கழுவினேன்.

5 அக்டோபர்
மருத்துவமனையில் அவரே எனக்கு ஆறுதல் சொல்கிறார். “நாந்தான் பாக்காம ஒதுங்கிட்டேன். நீங்க ஏன் சார் கண்ணு கலங்குறீங்க?”
என்னை ஒருமுறை திட்டியிருக்கலாம். என் தப்பு என்று நானாவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

6 அக்டோபர்
நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஜூன் முதல் கேட் பூட்டியிருந்தது, அன்று காட்டியது ஒருநாள் வேஷம், சலுகையை நீக்கிவிடுங்கள். தபாலில் போடுமுன் காளியம்மாவிடம் போய் அதை வாசித்துக் காட்டினேன்.
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “நீங்க குடுத்த ஆரஞ்சு புளிப்பு சார்” என்றார்.

12 டிசம்பர்
முழு வரிக்கான கடிதம் நேற்று வந்தது. கேட்டைப் போன மாதமே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தாயிற்று. பலகை மட்டும் இருக்கிறது.

காலை ஏழரைக்குக் காளியம்மா கைத்தடியோடு வந்தார். இடது காலில் ஒரு விரல் இல்லை. இரண்டு தூண்களுக்கும் நடுவே, கேட் இருந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டார்:
“உள்ள வரலாமா சார்?”