தேவனின் வேண்டாம், நார்ட்டன் போதும்

அன்பு மகள் ஸ்டெபிக்கு, ஜெபமாலையில் ஒவ்வொரு நாளும் உன் பெயரைச் சொல்லி மாதா கையில் ஒப்படைக்கிற அம்மா எழுதுவது. அப்பா சுகம். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போய்வருகிறார். நானும் சுகம் என்று எழுதிவிடலாம், ஆனால் பொய்யில் கடிதத்தைத் தொடங்க மனசு வரவில்லை. கொஞ்ச நாளாகச் சரியான தூக்கம் இல்லை, நோய் நொடி என்று பயப்படாதே. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உறையின் மேலே பரீட்சை முடிந்த பிறகு பிரிக்கவும் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். முடிந்துவிட்டதா? முடியாமல் பிரித்திருந்தால் இந்த இடத்திலேயே மடித்துப் பெட்டியில் வைத்துவிடு, என் மேல் ஆணை. முடிந்திருந்தால் உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற சேதி இல்லை இது. இத்தனை நாளும் நீ கூப்பிட்டபோதெல்லாம் சாப்பிட்டாயா, படித்தாயா என்பதற்கு மேல் நான் வாயைத் திறக்காதது ஏன் என்று உனக்கே புரியும்.

பெரிய வெள்ளி அன்று நீ நாக்பூரிலிருந்து லீவுக்கு வந்து இங்கேதான் இருந்தாய். வீட்டில் எல்லோரும் ஒருசந்தி விரதம். மூன்று மணி ஆராதனைக்குக் கட்ட வேண்டிய சேலை காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்கு வந்தேன். நீ கொடிக்கு அந்தப் பக்கம் நின்று, உன்னோடு படிக்கிற கோவில்பட்டி சண்முகப்ரியாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. "தேவனின் வேண்டாம்ளா, எனக்கு நார்ட்டன் போதும்" என்றாய். நான் படியிலேயே நின்றுவிட்டேன். கோயிலில் வாசகம் வாசிக்கிற வாய் என்னுடையது. தேவனின் சித்தம், தேவனின் இரக்கம், தேவனின் வழி, அந்த வார்த்தைக்கு எனக்கு வேறு என்ன அர்த்தம் தெரியும்? அதுவும் எந்த நாளில் சொல்கிறாய் பார்! அதோடு விட்டாயா? "ரெண்டும் ஒண்ணுதான், வேணும்னா ஒண்ண இன்னொண்ணா மாத்திக்கிடலாம்" என்றாய். "மொதல்ல லோட கழட்டி விட்டுரணும், அப்பத்தான் நார்ட்டன் கிடைக்கும்" என்றாய். கடைசியில் "உள்ள இருக்க சோர்ஸ் எல்லாத்தையும் சாகடிச்சிரணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். லோடு என்று நீ சொன்னது என்னையும் அப்பாவையும்தான் என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் உனக்குப் பாரமாகிவிட்டோம், எங்களைக் கழற்றிவிட்டால்தான் அந்த நார்ட்டன் கிடைப்பான் என்று பேசுகிறாள், நம் பிள்ளையா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சாகடிக்க வேண்டியது யாரை என்று நினைக்கவே பயமாக இருந்தது. அன்று சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோது நான் சிலுவையைப் பார்க்கவில்லை, முன்னால் நின்ற உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நார்ட்டன் என்று நம் திரேஸ்புரத்தில் எனக்குத் தெரிந்தவன் ஒருவன்தான், பின்தெருவில் இருக்கிற படகு எஞ்சின் மெக்கானிக். நீ வந்த மறுநாள் நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்க வந்தானே, அவன்தான். நீ அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு வைண்டிங் என்றும் ஆம்பியர் என்றும் பேசிக்கொண்டே இருந்தாய், நான் காப்பி கொண்டுவந்து வைத்தபோதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மாடிப்படியில் நின்றபோது படமாக ஓடியது. போன வருஷம்தான் வேம்பாரிலிருந்து அனிஷாவைக் கட்டிக்கொண்டு வந்தவன். அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். உன்னை ரயிலேற்ற வந்தபோதும் புளிசாதப் பொட்டலத்தை உன் கையில் திணித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என்னம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு என்று நீதான் கேட்டாய். வெயில் என்றேன்.

நீ போன பிறகு என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லாமல் நேரே நார்ட்டன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். விசைப்படகுக்குத் தடைக்காலம், படகெல்லாம் பழுதுபார்க்கக் கட்டிக் கிடக்கிறது, எஞ்சின் வேலைக்காரனுக்கு இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடையாது. அவன் கையெல்லாம் கிரீஸோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தான். குழாயடியில் அத்தனை பெண்களும் குடத்தோடு நிற்கிறார்கள். நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் மகள் வாழ்க்கையைக் கெடுக்க வந்தவனே என்பதுதான் அதில் குறைந்தது. அவன் திருதிருவென்று விழித்தான். "எக்கா, எந்த ஸ்டெபி? அன்னைக்கு டார்ச் பிடிச்ச புள்ளையா? மாதா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான். நான் விடவில்லை. அப்போது அனிஷா வாசற்படியில் வந்து நின்றாள். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தலைப்பிள்ளைக்காரி. பலகாரம் செய்து, பூ முடித்து, அம்மா வீட்டார் வந்து கூட்டிப்போக வேண்டியவள், மறுநாள் காலையில் தனியாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேம்பார் பஸ்ஸில் ஏறிப் போனாள். பிள்ளை பிறந்தாலும் நார்ட்டன் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. அப்பாவுக்கு விஷயம் துறைமுகத்திலேயே எட்டிவிட்டது. வந்து என்னைப் பார்த்து, "ஏளா, ஒன்னைய கரண்டு கிரண்டு அடிச்சிருச்சா, புள்ளைட்ட கேட்டியா மொதல்ல?" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார், தைலத்தைக்கூட அவரே தேய்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் துறைமுகத்தில் அப்பாவோடு இருக்கிற கரண்ட் இன்ஜினியர் சிவப்பிரகாஷ் புதுவீடு பால்காய்ப்புக்குச் சொல்ல வந்தார். அப்பா இன்னும் வரவில்லை. முகத்தைப் பார்த்து என்ன விஷயம் அக்கா என்று அவர் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாகடிக்கிறதை எல்லாம் சிரித்துக்கொண்டு பேசுகிறதுகளே தம்பி என்று அழுதேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த முறுக்கை வைத்துவிட்டு, "எக்கா, லோட கழட்டணும்னா சொன்னா? ரெண்டையும் மாத்திக்கிடலாம்னா சொன்னா? சரியா சொல்லுங்க" என்றார். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார் பார், கண்ணில் தண்ணீர் வருகிறது, மேசையைத் தட்டுகிறார், எனக்கு வந்த ஆத்திரத்தில் முறுக்குத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பிறகுதான் சொன்னார். அது உங்கள் சர்க்யூட் பாடமாம். உள்ளே எத்தனை கம்பி, எத்தனை ரெசிஸ்டர் பின்னிக்கொண்டு கிடந்தாலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு முனையிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கரண்ட் சோர்ஸும் அதன் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டன்ஸும்தானாம். அதுதான் நார்ட்டன். அதையே ஒரு வோல்டேஜும் வரிசையில் ஒரு ரெசிஸ்டன்ஸுமாக வைத்தால் தெவனின். தேவனின் இல்லையாம், தெவனினாம்! அந்தத் தெவனின் பிரான்ஸ்காரர், பாடத்தில் இருக்கிற நார்ட்டன் அமெரிக்காக்காரர், இரண்டு பேரும் செத்து எத்தனையோ காலம் ஆகிறதாம். லோடு என்றால் அந்த முனையில் கொண்டுபோய் மாட்டுகிற பல்போ மோட்டாரோ, அதைக் கழற்றிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டுமாம். அந்த ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று பார்க்கக் கரண்ட் கொடுக்கிற சோர்ஸையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்குத்தான் சாகடிப்பது என்று பெயராம். உங்கள் வாத்தியார்களுக்கு அதற்கு வேறு நல்ல வார்த்தையே கிடைக்கவில்லையா மகளே? தன் போனில் அந்தப் பாடத்தை நடத்துகிற வீடியோவையும் போட்டுக் காட்டினார், நார்ட்டன் நார்ட்டன் என்று அந்த வாத்தியார் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார். சிவப்பிரகாஷ் சிரிக்கச் சிரிக்க எனக்கு அனிஷா பையைத் தூக்கிக்கொண்டு போனதுதான் கண்ணில் நின்றது. பாடத்தில் இருக்கிற ஒரு பெயருக்காகவா ஏழு மாதக் கர்ப்பிணியைத் தெருவில் இறக்கினேன்? அவர் போன பிறகும் அடுப்பில் சோறு தீய்ந்து புகைகிற வாடை தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வந்ததும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பு என்றார், அவ்வளவுதான். குழாயடிக்குப் போய் அதே பெண்கள் முன்னால் நான் சொன்னதெல்லாம் தப்பு என்றேன். அவர்களுக்கு அது நம்பும்படியாகவும் இல்லை, முதலில் சொன்ன அளவுக்கு ருசியாகவும் இல்லை. அங்கிருந்து வேம்பாருக்குப் பஸ் ஏறினோம். அனிஷா வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிவப்பிரகாஷ் என் போனுக்கு அனுப்பியிருந்த அந்த வீடியோவைக் காட்டினேன், தெவனின், லோடு, சோர்ஸ் என்று எனக்குப் புரிந்த மட்டும் உளறினேன். அந்தப் பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு ஒங்க மகள்ட்ட கேக்காமலே எம் புருசன்னு சொன்னிய. இன்னைக்கும் அவள்ட்ட கேக்காமலே வெள்ளைக்காரன்னு சொல்லுதிய. நான் எத நம்ப? மொதல்ல ஒங்க மகள்ட்ட கேளுங்கத்தே." அவள் சொன்னதில் என்ன தப்பு? வைய வேண்டும் என்று தோன்றியபோது உன்னைக் கேட்கவில்லை, சிவப்பிரகாஷ் சொன்னதும் நிம்மதியாக இருந்தது, அப்போதும் உன்னைக் கேட்கவில்லை. இருபது வருஷம் வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு ஊரிலிருக்கிற எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் என்ன ஜென்மம் என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

தெருமுனையில் இறங்கியதுமே உன்னைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். நார்ட்டன் நம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் வேம்பாருக்குப் போனதைக் கேள்விப்பட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஆள் பாதியாகிவிட்டான் ஸ்டெபி. ஞாயிற்றுக்கிழமை வேம்பார்வரை போய் அவர்கள் வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தானாம், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அனிஷா என்ன சொன்னாள் என்று கேட்டான், சொன்னேன். இதோ இப்பவே என் மகளைக் கூப்பிட்டு அவளிடம் பேச வைக்கிறேன் தம்பி என்றேன். அவன் யோசித்துவிட்டு, "புள்ளைக்குப் பரீட்சை எப்பக்கா?" என்றான். நாளைக்குத் தொடங்குகிறது, இந்தப் பாழாய்ப்போன சர்க்யூட் பேப்பரும் அதில்தான் என்றேன். "அப்ப போன வைங்கக்கா. இதக் கேட்டா அந்தப் புள்ள எப்படி உக்காந்து எழுதும்? எம் பேரால அது பெயிலாவ வேண்டாம். எல்லாத்தையும் எழுதி முடிக்கட்டும், நா பொறுத்துக்கிடுதேன்" என்றான். நான் தெருவில் வைத்து மானத்தை வாங்கிய பையன் சொல்கிறான் இதை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டார். அவன் பிசைந்தான், சாப்பிடவில்லை.

அதனால்தான் தபாலில் போடுகிறேன். உன் பரீட்சை முடிகிற சமயத்தில் நாக்பூருக்கு வந்து சேரும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். ஸ்டெபி, உன்னிடம் கேட்கிறேன், நீ சொன்னது எந்த நார்ட்டன்? எனக்காகக் கேட்கவில்லை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அனிஷா கேட்கச் சொன்னாள், கேட்கிறேன். பதிலை எனக்குச் சொல்லாதே, அவளுக்குச் சொல். அவள் நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. தெரியாத நம்பரை எடுக்க மாட்டாள், திரேஸ்புரம் எமில்டா மகள் ஸ்டெபி என்று மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிடு. எடுத்த எடுப்பில் கோபமாகப் பேசினாலும் கேட்டுக்கொள், அந்தக் கோபம் என்னுடையது, உன்னிடம் வந்து விழுகிறது. அவளுக்குப் பாடம் நடத்தாதே, அது தேவையில்லை, உன் குரலைக் கேட்டால் போதும்.

அங்கே வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். மோர் குடி, தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளாதே. அந்தப் பேப்பரை எப்படி எழுதினாய் என்று நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆண்டவர் உன் கையையும் புத்தியையும் ஆசீர்வதிக்கட்டும், மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அப்பா தன் அன்பையும் எழுதச் சொன்னார், அன்றைக்குக் கிளம்பு என்றதற்குப் பிறகு அதைச் சொல்வதற்காக இன்றைக்குத்தான் என்னிடம் வாயைத் திறந்தார். மறந்துவிடாதே மகளே, முதலில் அனிஷாவைக் கூப்பிடு. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு உன் ஆத்திரம் தீரத் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னைக் கேட்காமல் விட்ட உன் அம்மா,
எமில்டா ரோச்
திரேஸ்புரம், தூத்துக்குடி